பார்க்கிறவரையும் சேர்த்து ஏமாற்ற வேண்டாம்: தமிழ்ச் செய்தி சேனல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். செய்தி சேனல்களின் எடிட்டிங் அறையில் பல வருடம் உட்கார்ந்து எழுந்தவன் நான். நிருபர்கள் கொண்டுவரும் காட்சிகளை வெட்டி, ஒட்டி, வாய்ஸ் ஓவர் சேர்த்து, புல்லட்டின் ஆரம்பிப்பதற்குள் அனுப்பிவைப்பது என் வேலை. ரகசிய கேமராவில் எடுத்தது வந்தால் மட்டும் அறைக்கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே செய்தி ஆசிரியர், நிருபர், நான். அந்தச் சாத்திய கதவுக்குள் நடப்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

நிருபர் தன்னை வேறு ஆளாகக் காட்டிக்கொண்டு, பொய்ப் பெயர் சொல்லி, சட்டைப் பொத்தானில் கேமராவை ஒளித்துவைத்து ஒருவரைப் பேசவைப்பது தர்மமா என்று இதழியல் வகுப்புகளில் காலம் காலமாக விவாதிக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய குழப்பம் கிடையாது. லஞ்சம் வாங்குகிறவர் ரசீது தரமாட்டார். மைக்கை நீட்டி "நீங்கள் லஞ்சம் வாங்குவீர்களா சார்?" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். வேறு வழியே இல்லை, விஷயமும் ஊருக்கு உண்மையிலேயே முக்கியம், எதிரில் இருப்பவர் கையில் அதிகாரம் இருக்கிறது என்றால், பொய் சொல்லித்தான் உண்மையை எடுக்க வேண்டும் என்றால், எடுங்கள். ஆனால் அந்தப் பொய் அங்கேயே முடிந்துவிட வேண்டும். டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் அதில் ஒரு துளிகூட வந்து சேரக் கூடாது. நம்மிடம் வந்து சேர்கிறது. என் புகார் அதுதான்.

முதலில் ஒழுங்காகச் செய்யப்பட்டதைச் சொல்லிவிடுகிறேன். 2005 டிசம்பர் 12-ஆம் தேதி ஆஜ் தக் சேனலில், கோப்ராபோஸ்ட் என்ற செய்தி இணையதளம் எடுத்த 'ஆபரேஷன் துரியோதனா' ஒளிபரப்பானது. வட இந்தியச் சிறு உற்பத்தியாளர்கள் சங்கம் என்று, உலகத்திலேயே இல்லாத ஒரு சங்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு நிருபர்கள் எம்.பி.க்களிடம் போனார்கள். நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கப் பணம் கொடுத்தார்கள். கட்சி பேதமில்லாமல் 11 பேர் வாங்கிக்கொண்டார்கள். டிசம்பர் 23-ஆம் தேதி அந்த 11 பேரின் பதவியும் பறிக்கப்பட்டது. அது செல்லும் என்று 2007 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இதில் எனக்குப் பிடித்தது கேமரா வேலை இல்லை. நாடாளுமன்றக் கேள்வி என்பது சபைப் பதிவேட்டில் ஏறுகிற விஷயம். டேப்பை நம்பாதவர்கள் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கலாம். கேமராவுக்கு வெளியே ஒரு சாட்சி இருந்தது.

அப்புறம் தில்லி போலீஸ் என்ன செய்தது தெரியுமா? லஞ்சம் கொடுத்ததும் குற்றம்தானே என்று நிருபர்களையும் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்தது. 2010 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஊழலை வெளிக்கொண்டுவருவது குடிமக்களுக்கு அரசியலமைப்பு விதித்திருக்கும் கடமைகளோடு சேர்ந்தது என்ற பார்வை அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. நியாயம்தான்.

2018 ஜனவரியில் தி ட்ரிப்யூன் நாளிதழில் வந்த ஆதார் செய்தியும் இந்த வகை. நிருபர் ரச்னா கைரா தான் யார் என்பதைச் சொல்லாமல், வாட்ஸ்அப்பில் கிடைத்த ஓர் ஏஜென்டுக்குப் பேடிஎம்மில் 500 ரூபாய் அனுப்பினார். பத்து நிமிடத்தில் லாகின் வந்துவிட்டது. எந்த ஆதார் எண்ணைப் போட்டாலும் பெயர், முகவரி, போட்டோ எல்லாம் திரையில். எவ்வளவு கொடுத்தோம், எதன் வழியாகக் கொடுத்தோம், எத்தனை நேரம் ஆனது என்பதெல்லாம் அந்தச் செய்தியிலேயே இருந்தது. ஆதார் ஆணையம் கொடுத்த புகாரில் பதிவான எஃப்.ஐ.ஆரில் நிருபரின் பெயரும் சேர்ந்தது, அது வேறு கதை. ஏமாந்தவர் ஏஜென்ட் ஒருவர்தான். வாசகரிடம் எதையும் மறைக்கவில்லை.

இப்போது எல்லோரும் மேடைக்கு மேடை உதாரணம் காட்டும் தெஹல்கா என்ற செய்தி இணையதளத்துக்கு வருகிறேன். 2001 மார்ச் 13. 'வெஸ்ட் எண்ட் இன்டர்நேஷனல்' என்று லண்டனில் இருப்பதாகச் சொல்லப்பட்ட, எங்குமே இல்லாத ஓர் ஆயுத நிறுவனம். ராணுவத்துக்குக் கையில் பிடிக்கும் வெப்பக் கேமரா விற்க வந்த ஏஜென்டுகளாக நிருபர்கள் நடித்தார்கள். பாஜக தலைவர் பங்காரு லட்சுமண் ஒரு லட்சம் ரூபாய் கட்டை வாங்கி மேஜை டிராயருக்குள் போடும் காட்சியை நம் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. தலைவர் பதவி போனது. 2012-ல் சிபிஐ நீதிமன்றம் அவருக்கு நான்கு ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் ராஜினாமா செய்தார். அந்த 2001 அக்டோபரிலேயே திரும்பவும் அதே நாற்காலிக்கு வந்தார். கருத்தரங்குகளில் கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்து கைதட்டல் விழும்.

மீதிக் கதை இருக்கிறது. அதே ஆபரேஷனில் மேஜர் ஜெனரல் எம்.எஸ். அலுவாலியா என்ற அதிகாரியும் சிக்கவைக்கப்பட்டார். பணமும் விலை உயர்ந்த விஸ்கியும் கேட்டார், லஞ்சம் வாங்கினார் என்று தெஹல்கா வெளியிட்டது. நாடு முழுக்க அந்தப் படம் ஓடியது. ராணுவம் விசாரணை வைத்தது, 'கடும் அதிருப்தி' என்று எழுத்தில் கண்டனமும் கொடுத்தது. ராணுவத்தில் அந்த இரண்டு சொல்லுக்கு என்ன கனம் என்று அங்கே வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். அவர் அவதூறு வழக்குப் போட்டார். 2023 ஜூலையில்தான் தில்லி உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. அவர் பணம் கேட்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. நேர்மையான ராணுவ அதிகாரி ஒருவரின் பெயரைக் கெடுத்ததற்கு இதைவிட அப்பட்டமான உதாரணம் இருக்க முடியாது என்றது நீதிமன்றம். இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. ஒளிபரப்புக்கும் தீர்ப்புக்கும் இடையில் 22 வருடம்.

நிருபர் அவரிடம் ஆயுத ஏஜென்ட் என்று பொய் சொன்னதை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பொய்யின் வேலையே ஆளைச் சோதிப்பதுதான். சோதித்தார்கள்; மனிதர் தேறிவிட்டார். 'ஓர் அதிகாரி மறுத்துவிட்டார்' என்பதும் அன்றைக்குப் பெரிய செய்திதான், இன்னும் சொல்லப்போனால் அபூர்வமான செய்தி. அதை அப்படியே போட்டிருந்தால் மற்றவர்களைப் பற்றிச் சொன்னது இன்னும் நம்பும்படி இருந்திருக்கும். அதை விட்டுவிட்டு, ஏமாற்றுவதற்கு எந்தக் காரணமும் இல்லாத வாசகரிடம் இரண்டாவது பொய்யைச் சொன்னார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சில அதிகாரிகளை வழிக்குக் கொண்டுவரப் பாலியல் தொழிலாளர்களை ஏற்பாடு செய்திருந்ததும் அந்த மார்ச் மாதத்தில் சொல்லப்படவில்லை. ஆகஸ்டில் வேறொரு நாளிதழ் வழியாகத்தான் வெளியே வந்தது. முதல் நாளே சொல்லியிருந்தால் திட்டு வாங்கியிருப்பார்கள், அவ்வளவுதான். மறைத்ததால், மாட்டிக்கொண்ட அத்தனை பேருக்கும் 'பாருங்கள், இவர்கள் யோக்கியதையை' என்று சொல்ல வாய்ப்புக் கிடைத்தது.

இதெல்லாம் எப்படி நடக்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். 'வா, பொய் சொல்லலாம்' என்று யாரும் உட்காருவதில்லை. ரகசிய கேமராவில் ஒலி எப்போதுமே மோசமாக இருக்கும். சட்டைத் துணி உரசும், தலைக்கு மேல் ஃபேன் ஓடும், பேசுகிற ஆள் மூன்றடி தள்ளி வெற்றிலையை மென்றுகொண்டே பேசுவார். ஆகவே திரையில் கீழே எழுத்துப் போட வேண்டும். அங்கேதான் ஆரம்பம். அவர் 'பாக்கலாம்' என்று சொன்ன மாதிரி எனக்குக் கேட்கும். நிருபர் காதுக்கு அது 'பாத்துக்கலாம்'. முதலாவது நழுவுகிற பேச்சு, இரண்டாவது சம்மதம். பத்து தடவை ரீவைண்ட் செய்தாலும் தீராது. கடைசியில் யார் பெரியவரோ அவர் காதுக்குக் கேட்டது எழுத்தாகும். எழுத்து வந்துவிட்டால் பார்க்கிறவர் காதும் அதையேதான் கேட்கும்.

நம் ஆட்களுக்கு 'ம்' கொட்டும் பழக்கமும் உண்டு. எதிரில் இருப்பவர் பேசினால், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு அடையாளமாக ம், ம் என்று சொல்லிக்கொண்டே இருப்போம். நிருபர் "அஞ்சு லட்சம் ரெடியா இருக்கு சார்" என்கிறார். 'ம்' என்கிறார் இவர். வெட்டி எடுத்து சிவப்பு வட்டம் போட்டு மூன்று தடவை ஓட்டினால் அந்த 'ம்' ஒப்புதல் வாக்குமூலம். நிருபர் அரை மணி நேரம் கெஞ்சியது, கூட வந்த புரோக்கர் நச்சரித்தது, மனிதர் இரண்டு தடவை எழுந்து போகப் பார்த்தது எல்லாம் 'டைம் இல்லை' என்ற காரணத்தில் போய்விடும். எழுந்து போகப் பார்த்த இடத்தையும் வைக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். "நீ டைம்லைனைப் பாருப்பா" என்று பதில் வந்தது. அந்தச் சேனலின் பெயர் இங்கே வேண்டாம். எல்லாச் சேனலிலும் அந்தப் பதில் ஒன்றுதான்.

இது எல்லை மீறினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு 2007 ஆகஸ்ட் 30 போதும். தில்லியில் ஓர் அரசுப் பள்ளிக் கணித ஆசிரியை மாணவிகளைப் பாலியல் தொழிலில் தள்ளுகிறார் என்று லைவ் இந்தியா சேனலில் ரகசிய கேமராக் காட்சி ஓடியது. கூட்டம் பள்ளிக்குள் புகுந்தது. அந்த அம்மாவை அடித்து, உடையைக் கிழித்தார்கள். போலீஸ் கைது செய்தது, அரசு வேலையை விட்டு நீக்கியது. விசாரணையில்தான் தெரிந்தது, 'மாணவி' என்று காட்டப்பட்டவர் மாணவியே இல்லை; நிருபராக வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு பெண். பின்னால் இருந்தது ஒரு கொடுக்கல் வாங்கல் தகராறு. நிருபர் கைதானார். சேனலை ஒரு மாதம் நிறுத்திவைத்தார்கள். ஒரு மாதம்!

நம்மூர் வழக்கத்துக்கு வருகிறேன். நம் சேனல்களில் வரும் ரகசிய வீடியோக்களில் பாதிக்கு மேல் சேனல் எடுத்ததே இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரோ ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எதிர்க்கட்சிக்காரர், அதே கட்சியின் எதிர்க் கோஷ்டிக்காரர், சொத்துத் தகராறில் இருக்கும் பங்காளி. 'நமது சேனலுக்குப் பிரத்யேகமாகக் கிடைத்த காட்சி' என்று போடுகிறோம். யாரிடமிருந்து, எதற்காகக் கிடைத்தது? அதை மட்டும் சொல்வதில்லை. கொடுத்தவரின் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்றால் காப்பாற்றுங்கள். 'இவருக்கு அரசியல் எதிரியாக இருக்கும் ஒருவரிடமிருந்து' என்று ஒரு வரி சொல்வதில் என்ன கஷ்டம்?

2003 நவம்பரில், சத்தீஸ்கர் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்னால், மத்திய இணை அமைச்சர் திலீப் சிங் ஜூதேவ் ஓட்டல் அறையில் பணம் வாங்கும் டேப் வெளியானது. பணம் கடவுள் இல்லை, ஆனால் கடவுள்மேல் ஆணையாகச் சொல்கிறேன், கடவுளுக்குக் குறைந்ததும் இல்லை என்று அவர் பேசியது அன்றைக்கு எல்லார் வாயிலும் இருந்தது. பிறகு சிபிஐ விசாரித்து, டேப்பை ஏற்பாடு செய்ததே அரசியல் எதிரணி ஆட்கள் என்று அவர்கள்மேலும் வழக்குப் போட்டது. அது உச்ச நீதிமன்றம்வரை போய், 2014 ஏப்ரலில் நம் ஈரோடு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு வழக்கை ரத்து செய்ய மறுத்துவிட்டது. ஸ்டிங், அதாவது ஆள் மாறாட்டம் செய்து ரகசிய கேமராவில் சிக்கவைப்பது, என்று பெயர் வைத்துவிட்டால் செய்த குற்றம் அழிந்துவிடாது, நோக்கம் என்ன என்பதை விசாரணையில்தான் பார்க்க வேண்டும் என்பது சாரம். துரியோதனாவில் நிருபர்கள் தப்பியதையும் இங்கே இவர்கள் தப்பாததையும் சேர்த்துப் படியுங்கள். டேப்பை எடுத்தது யார், யாருக்காக என்பது நீதிமன்றத்துக்கே முக்கியமாக இருக்கும்போது பார்வையாளருக்கு மட்டும் எப்படி வேண்டாததாகும்?

2017 ஜூனில், அதிமுக எம்.எல்.ஏ.க்களைக் கூவத்தூர் விடுதியில் தங்கவைத்தபோது நடந்ததாகச் சொல்லப்பட்ட பேரம் பற்றி மதுரை தெற்கு தொகுதி எம்.எல்.ஏ. பேசுவதாக டைம்ஸ் நவ்வும் மூன் டிவியும் ஒரு டேப் போட்டன. சட்டசபையில் அமளி, வெளிநடப்பு, மறியல், உயர் நீதிமன்றம் எல்லாம் ஆனது. வீடியோவில் இருப்பது என் குரலே இல்லை என்றார் எம்.எல்.ஏ. அவர் சொன்னது உண்மையா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் இந்த மாதிரி மறுப்பு வந்த உடனே, வெட்டாத முழு டேப்பையும் ஒரு தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று முதல் ஆளாகச் சொல்ல வேண்டியது சேனல்தான். இன்றைக்கு ஏஐ வைத்து யார் குரலையும் யார் வாயிலும் ஒட்டலாம். ஆகவே 'என் குரல் இல்லை' என்பது இனி எல்லாருக்கும் கிடைத்துவிட்ட ரெடிமேட் பதில். வெட்டாத டேப் உங்கள் கையில் இல்லாவிட்டால் திருடனும் தப்பிப்பான், நல்லவனும் மாட்டுவான்.

பெரிய இடத்து விஷயங்களையே பேசிக்கொண்டிருக்கிறேன். தினசரி நடக்கும் ஏமாற்று இதைவிடச் சின்னது, இதைவிட அசிங்கம். சாவு வீட்டுக்கு போன் போட்டு 'கலெக்டர் ஆபீஸிலிருந்து பேசுறோம், நிவாரணம் விஷயமா' என்று விவரம் கறப்பது. 'சும்மா பேசிக்கிட்டு இருப்போம்மா, இது டிவியில வராது' என்று சொல்லிவிட்டு, சட்டைப் பாக்கெட்டில் செல்போனை ஓடவிடுவது. ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் மாதிரி உள்ளே போய்ப் படம் எடுப்பது. 2021 ஜனவரியில் சென்னையில் ஒரு யூடியூப் சேனலை நடத்தியவர்கள் கைதானார்கள். சொல்லிக்கொடுத்துப் பேசவைத்தார்கள், கமெண்டுகளை மூடிவிடுவோம் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள் என்பது பேட்டி கொடுத்த பெண்ணின் புகார். இப்படி ஏமாற்றப்பட்டவர்களிடம் என்ன அதிகாரம் இருந்தது, கேமராவை ஒளித்துவைத்து அம்பலப்படுத்த? அமைச்சரிடம் மைக்கை நீட்டும்போது காட்டும் மரியாதையில் பாதியைக்கூட மகனைப் பறிகொடுத்த அம்மாவிடம் காட்டுவதில்லை. பொய் சொல்லத் துணிவு வேண்டுமென்றால் அந்தத் துணிவை மேலே பார்த்துக் காட்டுங்கள்.

அதிலும் அந்த போனைப் போடுகிறவர் பெரும்பாலும் மாவட்ட ஸ்ட்ரிங்கர். செய்திக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர். மாட்டினால் 'அவர் எங்கள் ஊழியரே இல்லை' என்று ஒரே வரியில் கைகழுவிவிடுவீர்கள். உள்ளே இருந்து கேள்வி கேட்கிறவருக்கும் கதி இதுதான். 1995-ல் இளவரசி டயானாவின் பேட்டிக்காக பிபிசியின் மார்ட்டின் பஷீர் போலி பேங்க் ஸ்டேட்மென்ட் தயாரித்தார் அல்லவா, அதை வரைந்து கொடுத்த கிராஃபிக் டிசைனர்தான் பிறகு சந்தேகப்பட்டு மேலிடத்தில் சொன்னார். உள்விசாரணை 1996-ல் பஷீரை யோக்கியர் என்றது. டிசைனருக்கு வேலை கொடுப்பதை நிறுத்தினார்கள். முன்னாள் நீதிபதி டைசன் விசாரித்துக் கொடுத்த அறிக்கை வந்து உண்மை வெளியானது 2021 மே மாதம். எடிட்டிங் அறையில் இருந்தவன் என்பதால் எனக்கு டயானாவை விட அந்த டிசைனரைத்தான் அதிகம் நினைவிருக்கிறது.

சரி, என்ன கேட்கிறேன்?

புதிதாக எதுவும் இல்லை. ஸ்டிங் கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும், எடுத்த காட்சியை உண்மை திரியும்படி வெட்டக் கூடாது, பாலியலையும் போதையையும் தூண்டிலாக வைக்கக் கூடாது என்று ஒளிபரப்பாளர் சங்கத்தின் நெறிமுறையிலேயே இருக்கிறது. அச்சு ஊடகத்துக்குப் பிரஸ் கவுன்சில் வைத்திருக்கும் நெறியில், ஸ்டிங்கின் ஒவ்வொரு கட்டத்தையும் அப்போதைக்கப்போது எழுதிவைக்க வேண்டும் என்று இருக்கிறது. பிரஸ் கவுன்சிலுக்கு டிவி மேல் அதிகாரம் இல்லை என்பதால் அந்த யோசனையும் உங்களுக்கு ஆகாது என்று அர்த்தமா? ஒளிபரப்பாளர் சங்கத்து அபராதம் என்று பார்த்தால் 2023-ல் அதிகபட்சமே ஒரு லட்சம் ரூபாய்தான். அது எந்த மூலைக்கு என்று அந்த ஆண்டு உச்ச நீதிமன்றமே கேட்டது. பங்காரு லட்சுமண் டிராயரில் போட்டதும் அதே தொகை. ஆக, வெளியிலிருந்து யாரும் வந்து உங்களைத் திருத்தப்போவதில்லை.

நிருபர் கிளம்புவதற்கு முன்னால், ஏன் நேர்வழியில் முடியாது என்பதை எழுதி ஆசிரியர் கையெழுத்துப் போடட்டும். வாட்ஸ்அப்பில் 'ஓகே' இல்லை, தேதியோடு கையெழுத்து. அந்தத் தாளில் ஸ்ட்ரிங்கர் பெயர் இருந்தால் வழக்குச் செலவும் சேனலுடையது என்றும் அதிலேயே இருக்கட்டும். வெட்டாத டேப்பை எடிட்டிங் அறைக்கு வெளியே, வேறொருவர் பொறுப்பில் வையுங்கள். சாட்சியை வளைக்கப் பார்த்ததாகச் சிக்கிய வழக்கறிஞர் ஆர்.கே. ஆனந்த் வழக்கில் என்டிடிவியின் ஸ்டிங்கை 2009-ல் பாராட்டிய உச்ச நீதிமன்றம்கூட, அசல் மைக்ரோசிப்புகளை உயர் நீதிமன்றம் உடனே தன் கையில் வாங்கியிருக்க வேண்டும் என்று குறை சொன்னது. நல்ல ஸ்டிங்குக்கே அந்த நிலை.

ஒலி தெளிவாக இல்லாத இடத்தில் 'தெளிவாக இல்லை' என்று எழுத்துப் போடுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. எடிட்டர் ஆட்சேபித்தால் அந்த ஆட்சேபமும் அந்தத் தாளில் ஏறட்டும்.

கடைசியாக, நிகழ்ச்சி ஆரம்பிக்கும்போது ஒரு ஸ்லைடு. எத்தனை பேரை அணுகினோம், எத்தனை பேர் மறுத்தார்கள், எவ்வளவு பணம் காட்டினோம், டேப் நாங்கள் எடுத்ததா, அடுத்தவர் கொடுத்ததா. சிவப்பு எழுத்தில் 'அதிர்ச்சி' என்று போடும் நேரத்தில் பாதிதான் இதற்கு ஆகும். இந்த மடலுக்கு எனக்குப் பதில் போட வேண்டாம். உங்கள் அடுத்த ரகசிய கேமரா நிகழ்ச்சியில் அந்த ஸ்லைடு வருகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் செய்திப் படத்தொகுப்பாளர்,
சென்னை.